உரியவர் வராத பரிசு

ஜனவரி 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதிக்கொண்டது. நான் நலம். உங்கள் நலமும் என் தங்கச்சியின் நலமும் அறிய ஆவல்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது கௌரவம். போன வாரம் அச்சகத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண் அயர்ந்தேன். தலை போய்ச் சாய்ந்தது அப்போதுதான் அடித்து வைத்த ஈர நோட்டீஸ் மேல். எழுந்து, முகம்கூடக் கழுவாமல், கடைத்தெரு முழுக்க நடந்து வீட்டுக்கு வந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் என் கன்னத்தையே பார்த்தார்கள். வயசானாலும் முகக்களை போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக் கண்ணாடியில் பார்த்தால் வலது கன்னத்தில் கொட்டை எழுத்தில் ‘பொது ஏலம்’ என்று இருக்கிறது. என் வீட்டுக்காரி ஏற இறங்கப் பார்த்தாள். “தெரு முழுக்க நடந்து வந்திருக்கீங்க. ஒருத்தர்கூடவா விலை கேட்கலை?” என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நின்றுகொண்டிருந்தால் உட்காருங்கள். என் ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு லாட்டரிச் சீட்டு வைத்து அனுப்புவது வழக்கமாயிற்றே. டிசம்பரில் வைத்த சீட்டுக்கு முதல் பரிசு விழுந்திருக்கிறது. நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் ரிசல்ட் தாளையே வைத்திருக்கிறேன். சீட்டு ஏஜெண்டுக்கு இந்தத் தாளை வாராவாரம் அடித்துக் கொடுப்பது எங்கள் அச்சகம், அதை ஓட்டுவது என் மெஷின். உங்களுக்குத் தெரியாததா? தாளை நன்றாகப் பாருங்கள். முன்னும் பாருங்கள், பின்னும் பாருங்கள்.

பணக்காரர் ஆனதும் மச்சானை மறந்துவிடாதீர்கள். தங்கச்சிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
மச்சான்


ஜனவரி 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லாரும் சுகம். அங்கே எப்படி என்று தெரியவில்லை. தபால்காரர் எங்கள் தெருவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் வாசலுக்கு வருகிறேன், அவர் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

என்ன, கோபமா? தாளின் பின்பக்கத்தைத் திருப்பியபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. மற்ற தாள்களையெல்லாம் ஒழுங்காக அடித்து முடித்துவிட்டு, உங்களுக்கென்று ஒரே ஒரு தாளுக்கு எண்ணை மாற்றிக் கோத்தேன். பிறகு அதையே திருப்பிப் போட்டு, பின்னால் ‘ஏமாந்தீர்களா மாப்பிள்ளை? இப்படிக்கு உங்கள் அன்பு மச்சான்’ என்று பூ பார்டரெல்லாம் வைத்து அடித்தேன். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட அவ்வளவு அழகாக நான் வேலை செய்ததில்லை. அச்சுக் கோப்பவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திட்டியாவது நாலு வரி எழுதுங்கள். பெண் கொடுத்த வீட்டுக்காரன், திட்டு வாங்கவே பிறந்தவன்.

இப்படிக்கு,
மச்சான்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அண்ணியும் நீயும் நலமா?

இரண்டு கடிதமும் வந்தது. அவருக்கு வேலை அதிகம், அதனால் நான் எழுதுகிறேன். தாளின் பின்பக்கத்தை நாங்கள் பார்க்கவில்லை. அவர் வேலை பார்க்கும் குடோனில் எந்தத் தாள் வந்தாலும் கசங்காமல் இருக்க உடனே அட்டையில் ஒட்டிவிடுவார்கள். கை பழகிப்போய், நீ அனுப்பியதையும் கவரைப் பிரித்த சூட்டிலேயே பசை தடவி அட்டையில் ஒட்டிவிட்டார்.

வேறொன்றும் இல்லை. இனிமேல் சீட்டு எதுவும் அனுப்ப வேண்டாம். இங்கே குளிர் குறைந்துவிட்டது.

உன் தங்கை


பிப்ரவரி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் தங்கச்சிக்கும்,

நலம், நலமறிய ஆவல்.

பூ பார்டரை அட்டையில் ஒட்டிவிட்டீர்களாமே. என் கலைக்கு வந்த கேட்டைப் பாருங்கள். ஸ்டோர் கீப்பர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். எங்கள் முதலாளியிடம் சொன்னேன், “ஆளைப் பார்த்துக் கத்துக்கோ, நீ வாங்கின ரசீதைக்கூடத் தொலைக்கிறவன்” என்றார்.

அப்புறம் எப்படித் தெரிந்தது, எத்தனை நாள் பணக்காரராக இருந்தீர்கள் என்றெல்லாம் தங்கச்சி எழுதவே இல்லை. அவள் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. சிறுவயதில் அவளோடு சண்டை போட்டால் பேச மாட்டாள், என் தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். இந்தக் கடிதத்திலும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

சரி, சமாதானத்துக்கு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னது தெரியும். இதுதான் கடைசி.

இப்படிக்கு,
மச்சான்


மார்ச் 14

மாப்பிள்ளைக்கு,

நலம் கேட்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னியுங்கள்.

நான் அனுப்பும் சீட்டின் எண்ணை மெஷின் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதி வைப்பது என் பழக்கம். நேற்று சாயங்காலம் ரிசல்ட் தாள் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பரிசு எண்ணைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். மறுபடி தாளைப் பார்த்தேன். மெஷினை நிறுத்திவிட்டேன். முதலாளி என்ன உடைந்தது என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

மாப்பிள்ளை, இது விளையாட்டு இல்லை. பிப்ரவரியில் அனுப்பிய அந்தச் சீட்டுதான். அந்தப் பணத்தில் மாடி இல்லாத வீடு ஒன்று வாங்கலாம். ஒற்றை அறையில் என் தங்கச்சி பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் சமைக்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா?

நேராக ஏஜெண்டிடம் போய் விவரம் கேட்டேன். பரிசு ஆபீஸ் உங்கள் ஊரிலேயே இருக்கிறதாம். ஜூன் பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் வரை நேரம். யார் கையில் சீட்டு இருக்கிறதோ அவருக்குப் பணம். அதற்குள் யாரும் போகவில்லை என்றால் என்ன ஆகும் என்றேன். “பொதுநிதிக்குப் போயிடும். ஆஸ்பத்திரி, ரோடுன்னு செலவு பண்ணுவாங்க. வருஷாவருஷம் நாலு பேராவது வராமப் போறாங்க” என்றார். ஏன் வரமாட்டார்கள் என்று கேட்டேன். “தொலைச்சவன், செத்தவன், வெட்கப்படுறவன்” என்று விரலை மடக்கினார். பணம் வாங்கவும் வெட்கப்படுகிற முட்டாள் உண்டா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

உண்மையான ரிசல்ட் தாளை வைத்திருக்கிறேன். பின்பக்கம் வெள்ளை. இதை ஒட்ட வேண்டாம். என் வீட்டுக்காரி மேல் சத்தியம்.

மச்சான்


மார்ச் 30

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நலம். அங்கு அனைவரும் நலம் என நம்புகிறேன்.

தங்கள் கடிதமும் தாளும் கிடைத்தன. தாங்கள் சொன்னபடி ஒட்டவில்லை. பின்பக்கமும் பார்த்தேன், ஒன்றும் அச்சிடவில்லை. வேலை முன்னேறியிருக்கிறது. வீட்டில் உள்ளவர் மேல் சத்தியம் செய்யும் அளவுக்கு இதில் ஈடுபாடு வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் தாங்கள் அனுப்பிய சீட்டை, வந்த அன்றே கிழித்துவிட்டேன்.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கை கணவர்


ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

நலம். அவர் உனக்கு எழுதியதைத் தபாலில் போடும் முன்னால் படித்தேன். நடந்ததை அவர் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று என்னிடமும் சொல்லியிருந்தார். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

ஜனவரியில் உன் கடிதம் வந்த இரவு அவர் தூங்கவே இல்லை. விடிந்ததும் குடோனுக்குப் போய் சாவிக்கொத்தை மேனேஜர் மேசைமேல் வைத்தார். அந்த மேனேஜரைப் பற்றி நீ கேள்விப்பட்டிருக்கிறாய். மூட்டை குறைந்தால் இவர் சம்பளத்தில் பிடிப்பவர். “எண்ணத் தெரியாத ஆளுக்கு இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிட்டேன். இனிமே நீங்களே எண்ணிக்குங்க” என்றாராம். எல்லாரும் கேட்கும்படி. சொல்லிவிட்டு வந்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பரிசு ஆபீசுக்குப் போனார்.

கவுண்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்தார், எங்கள் தாளைப் பார்த்தார், அவரிடமிருந்த தாளைப் பார்த்தார். பிறகு வாசல் காவலாளியைக் கூப்பிட்டு, போலித்தாள் அடித்து ஏமாற்ற வந்தவர்கள், உட்கார வை என்றார். வரிசையில் நின்ற எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலைகுனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளை எங்கே அடித்தது என்று பார்க்க, ஒருவர் தண்ணீர் தொட்டுத் தொட்டு பிளேடால் அட்டையிலிருந்து உரித்தார். உரித்ததும் பின்பக்கத்தை உரக்கப் படித்தார். ‘ஏமாந்தீர்களா மாப்பிள்ளை?’ என்று. உன் பெயருக்குப் பதில் போட்டிருந்தாயே, ‘உங்கள் அன்பு மச்சான்’, அதையும் படித்தார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. காவலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நீ எழுதியிருந்ததால்தான் எங்களைப் போகவிட்டார்கள். அந்த நன்றியும் உனக்கு உண்டு.

மறுநாள் மேனேஜரிடம் போய் வேலையைத் திருப்பிக் கேட்டார். ஸ்டோர் கீப்பர் வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று, மூட்டை தூக்குவதாக இருந்தால் வா என்றார். இப்போது தூக்குகிறார். குடோனில் எல்லாரும் அவரை ‘முதலாளி’ என்று கூப்பிடுகிறார்கள். ராத்திரி அவர் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறேன்.

இப்போது வந்த தாள் மெய்யோ பொய்யோ, அந்தப் பக்கம் போக எனக்குக் கால் வராது. சீட்டும் போய்விட்டது. ஏஜெண்டிடம் கடிதம் வாங்கி அனுப்ப நினைக்காதே. அவருடைய லெட்டர் தாளை அடிப்பதும் நீதானே என்கிறார் இவர்.

உன் தங்கை


ஜூன் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா?

இரண்டு மாதமாக எழுதவில்லை. அச்சகத்தில் வேலை நெருக்கம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், நோட்டுக்கு மேலட்டை அடித்து மாளவில்லை. அண்ணிக்குக் கொஞ்சம் சளி. நம் பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றில் கைக்கடிகாரத்தைப் போட்டுவிட்டு, ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று குனிந்து குனிந்து பார்க்கிறார். நீ சிரிப்பாய் என்று எழுதினேன்.

போன வாரம் முழுக்க உட்கார்ந்தே இருந்ததில் எனக்குக் கால் வீங்கிவிட்டது. வெந்நீர் ஊற்றிச் சரியாகிவிட்டது.

உன் கடிதத்தைப் படித்தேன். பல தடவை படித்தேன். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் வேறு எதையோ எழுதுகிறேன்.

ஒருவேளை சீட்டு கிழியாமல் இருந்தால் பன்னிரண்டாம் தேதி வரை நேரம் இருக்கிறது. சொல்ல எனக்கு வாய் கிடையாது. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையின் தோள் எப்படி இருக்கிறது?

அண்ணன்


ஜூன் 21

அண்ணனுக்கு,

நலம்.

மெஷின் முன்னால் நாள் முழுக்க நிற்கிறவனுக்கு உட்கார்ந்து ஏன் கால் வீங்கும் என்று யோசித்தேன். இரண்டு நாள் பஸ்ஸில் வந்து, இரண்டு நாள் திரும்பிப் போனால் வீங்கும்.

மே மாதக் கடைசியில் குடோன் வாசலில் ஓர் ஆள் இவர் பெயருக்கு ஒரு புதுச்சட்டைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, “நகமெல்லாம் கறுப்பா இருந்துச்சு. லாரிக்குப் பின்னாடி ரொம்ப நேரம் நின்னாரு. மூட்டை இறக்குறதைப் பார்த்துட்டு அப்படியே போயிட்டாரு” என்றாராம் கேட்டில் இருப்பவர். வீட்டுக்கு அங்கிருந்து நடக்கிற தூரம்தான் அண்ணா. ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் போயிருக்கிறாய். அழுவதா, உன்னைத் திட்டுவதா என்று தெரியவில்லை. சட்டை இவருக்குத் தோளில் பிடிக்கிறது. இப்போது தோள் பெரிதாகிவிட்டது.

பன்னிரண்டாம் தேதி போய்விட்டது. இனி எந்த லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதனால் கேட்கிறேன். இரண்டாவது சீட்டு உண்மையா, அதுவும் உன் விளையாட்டா? உண்மை என்றால், வீடாக இருந்ததைக் கிழித்துப் போட்டவர் பக்கத்தில்தான் நான் தினமும் படுக்கிறேன். பொய் என்றால், ஒரு தடவை பட்டது போதாது என்று மறுபடி செய்தவன் என் அண்ணன். யார்மேல் கோபப்படுவது என்று தெரிந்தால் போதும், நான் பட்டுத் தீர்த்துக்கொள்வேன். தெரியாமல் இருப்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

உண்மையை எழுது.

உன் தங்கை


ஜூன் 29

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். இதை அச்சகத்து முகவரிக்கு எழுதுகிறேன். உங்கள் தங்கை உங்களை என்ன கேட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பதில் எழுதும் முன்னால் இது கிடைக்க வேண்டும்.

நான் சீட்டைக் கிழிக்கவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் லோடு இறக்கிவிட்டுப் பரிசு ஆபீஸ் வழியாக வந்தேன். வெளிச்சுவரில் பழைய ரிசல்ட் தாள்கள் ஒட்டியிருந்தன. நீங்கள் அனுப்பிய சீட்டின் எண் அதில் இருந்தது. சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. அதே காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “வாங்க வாங்க. மச்சான் கடுதாசி போட்டிருக்காரா?” என்றான். கெட்டவன் இல்லை, சும்மா கேட்டான். நானும் சிரித்துவிட்டு, வேறெங்கோ போகிறவன் மாதிரி நடந்து போய்விட்டேன்.

அப்புறமும் போனேன். ஒருநாள் வரிசையில்கூட நின்றேன். அந்த கவுண்டர்க்காரர் தலையைத் தூக்கினார், நான் செருப்பு அறுந்த மாதிரி குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். என் கையில் இருப்பது மெய்யான சீட்டு என்று எனக்குத் தெரிகிறது, மச்சான். ஆனால் காலுக்குத் தெரியவில்லை. அவளை அனுப்பியிருக்கலாம். அவள் அன்று செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் சொல்ல வாய் எழவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளிப்போட்டேன்.

பன்னிரண்டாம் தேதி லீவு எடுத்துக்கொண்டு எதிரில் இருக்கும் குடைக்கடையில் நின்றேன். கடைக்காரர் எல்லாக் குடையையும் விரித்துக் காட்டிவிட்டார். சாயங்காலம் ஆபீஸ் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. வீடு போனதற்கு நிம்மதிப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவளுக்கு இது தெரிந்தால் என்ன சொல்வாள் என்று தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் பயம்.

நீங்கள் லாரிக்குப் பின்னால் நின்றதை நானும் பார்த்தேன். தலையில் மூட்டையோடு உங்களைக் கூப்பிடத் தோன்றவில்லை. நீங்கள் லாரிக்குப் பின்னால், நான் குடைக்குப் பின்னால். பொருத்தம் பார்த்துத்தான் சம்பந்தம் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பணம் கடைசியில் எங்கே போகிறது என்று மட்டும் தெரிந்தால் எழுதுங்கள். குடோன் முகவரிக்கு எழுதுங்கள்.

மாப்பிள்ளை


ஜூலை 7

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நீ கேட்டதற்குப் பதில்: அதுவும் பொய்தான். முதல் தடவை பின்பக்கம் அடித்ததால் மாட்டிக்கொண்டேன் என்று இந்தத் தடவை பின்பக்கத்தை வெறுமையாக விட்டேன். மாப்பிள்ளை மறுபடி ஓடுகிறாரா என்று பார்க்க ஆசை. அங்கே என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. நீ எழுதித் தெரிந்ததும் ஓடி வந்தேன், முகத்தைக் காட்ட முடியாமல் திரும்பினேன்.

மாப்பிள்ளை கிழித்தது வெறும் காகிதம். அவரை ஒரு வார்த்தை சொல்லாதே. சொல்வதெல்லாம் எனக்குச் சொல்.

அண்ணன்


ஆகஸ்ட் 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உங்கள் நலத்துக்கும் தோளுக்கும் என் விசாரிப்பு. குடோனுக்கு வருகிற கடிதம் என்பதால் கவரை, ஆபீசுக்கு வருகிற பில் மாதிரி ஒட்டியிருக்கிறேன்.

தங்கச்சி பதில் போட்டுவிட்டாள். ‘எனக்கு அப்போதே தெரியும், உன் புத்தி எங்கே போகும்’ என்று ஒரே வரி. நலம்கூடக் கேட்கவில்லை. மாப்பிள்ளை, பிறந்ததிலிருந்து நான் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். மறுகேள்வி கேட்காமல் ஒருவர் நம்பியது இதைத்தான். அன்று சாயங்காலம் என்னால் சாப்பிட முடியவில்லை. என் வீட்டுக்காரி, யாரை ஏமாற்றினீர்கள் என்று கேட்டாள். ஒருத்தரையும் இல்லை என்றேன். அதை அவள் நம்பவில்லை.

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரலில் தங்கச்சி கடிதம் கிடைத்தபோதே நான் கிளம்பி வந்து, உங்கள் காலைப் பிடித்தாவது இழுத்துக்கொண்டு போய் அந்தக் காவலாளி முன்னால் நின்று, ‘அந்தத் தாளை அடித்த மச்சான் நான்தான், என்னைப் பார்த்துச் சிரி’ என்று சொல்லியிருந்தால், நீங்கள் உள்ளே போயிருப்பீர்கள். நாள் இருந்தது. நான் எட்டு வாரம் நோட்டுக்கு மேலட்டை அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்தேன், லாரி வரைக்கும். உங்கள் தலையில் மூட்டை, பின்னால் ஒருத்தன் “முதலாளி, வழி விடுங்க” என்கிறான், நீங்கள் வழி விடுகிறீர்கள். அதற்கு மேல் என் கால் நகரவில்லை. வீடு போனதில் பாதிக் கால் உங்களுடையது என்றால் பாதிக் கால் என்னுடையது.

அடுத்த மாதம் வருகிறேன். இந்தத் தடவை வாசல்வழியாக. தங்கச்சி திட்டி முடிக்கிற வரை உட்கார்ந்து கேட்கிறேன். பிறகு உங்கள் மேனேஜரைப் பார்க்கிறேன். சாவிக்கொத்தை வைத்தது நீங்கள், வைக்க வைத்தது நான் என்று சொல்கிறேன். அவர் கேட்பாரோ மாட்டாரோ, எல்லாரும் இருக்கும்போது சொல்கிறேன்.

பணம் எங்கே போனது என்று கேட்டிருந்தீர்கள். ஜூலை கடைசியில் ஏஜெண்டு ஒரு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார். ‘உரியவர் வராத காரணத்தால் கீழ்க்கண்ட பரிசுத்தொகைகள் பொதுநிதியில் சேர்க்கப்பட்டன’ என்று தலைப்பு. இரண்டாவது வரியில் உங்கள் எண். அச்சுக் கோப்பவர் கோத்துக் கொடுத்தார், நான் ஓட்டினேன். எழுத்து எல்லாம் நன்றாக விழுந்திருந்தது. இந்த முறை மெஷினை நிறுத்தவில்லை. பொதுநிதியிலிருந்து இந்த வருஷம் எதற்குக் கொடுத்தார்கள் என்று ஏஜெண்டைக் கேட்டேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கும் கொஞ்சம் வந்திருக்கிறதாம். நோயாளிகள் காத்திருக்கிற கூடத்துக்குப் பெஞ்சு, மின்விசிறி, ஒரு தண்ணீர்த் தொட்டி.

உங்கள் சார்பில் ஒருவராவது பார்க்க வேண்டும் என்று நேற்றுப் போனேன். நல்ல கால்சட்டை போட்டுக்கொண்டு போனேன். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று வாசலில் கேட்டார்கள். பெஞ்சைப் பார்க்க என்றேன். உள்ளே விட்டார்கள், ஆனால் ஒரு ஆளைப் பின்னாலேயே அனுப்பினார்கள். பெஞ்சுகள் நன்றாக இருக்கின்றன, மாப்பிள்ளை. கெட்டி மரம். முதுகு சாய்க்க வசதி. ஓர் அம்மா மடியில் காய்ச்சல் பிள்ளையைப் போட்டுக்கொண்டு ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். விசிறி அவள் பக்கம்தான் சுற்றியது. எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாய் அம்மா என்று கேட்டேன். “காலையிலேர்ந்து. போன தடவை தரையில உட்கார்ந்தேன்” என்றாள். யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

அப்போது உங்களுக்காகக் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று தோன்றியது. ஓரமாக ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. கூட்டத்தில் அது மட்டும் ஏன் காலி என்று நான் யோசிக்கவில்லை. உட்கார்ந்தேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தேன். எழுந்தபோது நான் மட்டும் எழுந்தேன். பச்சை வண்ணம், முந்தின நாள் மாலை அடித்ததாம். இருப்பதில் நல்ல கால்சட்டை என்றாலும் பழைய துணி, அதன் பின்பக்கம் தையலோடு பெஞ்சிலேயே தங்கிவிட்டது. நர்சம்மா ஒரு ஆஸ்பத்திரிப் போர்வை கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். போர்வையைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் நோயாளி என்று நினைத்து அரை டிக்கெட் கிழித்தார். வாங்கிக்கொண்டேன்.

இப்படிக்கு,
மச்சான்